நடுக்கடலில் இருந்து ஒரு குரல்

எங்கள் தெருக்கோடியில் ராத்தா ஒருவர் வசிக்கிறார். மர்ஹூமான அவருடைய கணவர் முப்பது ஆண்டுகள் கப்பலில் பணிபுரிந்தவர். அக்காலத்தில் கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டால், அடுத்த துறைமுகத்தில் அது நங்கூரம் போட்டு, அங்கிருந்து ஒரு கடிதம் தபாலில் சேரும் வரை வீட்டிற்கு எந்தச் செய்தியும் இராது. நாற்பது நாள், ஐம்பது நாள் என்று காத்திருப்பதே வழக்கம் என்பதால் ராத்தா அதற்குப் பழகியிருந்தார். இப்போது அவருடைய மகனும் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாளேனும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசிவிடுகிறார். அந்த முகத்திற்குப் பழகிப்போன ராத்தாவுக்கு, இன்று ஒரு மணிநேர மௌனத்தையும் தாங்க முடிவதில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை பேச்சு பாதியில் நின்றது. கப்பல் ஆஸ்திரேலியாவில் இருந்து ஆப்பிரிக்கத் தென்முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "இங்கே மழை பிடித்துக்கொண்டது உம்மா" என்று மகன் சொன்னதுதான் தாமதம், படம் உறைந்து நின்றுவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் தொடர்பு கிட்டவில்லை. இஷாத் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியபோது ராத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார்.

"தம்பி, நடுக்கடலில் கோபுரம் கிடையாது, கம்பியும் கிடையாது. அவன் குரல் எந்த வழியாக என் கைக்கு வருகிறது? அந்த வழி இன்று எந்த இடத்தில் அறுந்தது? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

அன்றிரவு சொன்னதைச் சற்று விரித்து இம்மாதப் பக்கத்தில் எழுதுகிறோம். கப்பலிலும் தூர தேசங்களிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களிடையே மிகுதி ஆகையால், ராத்தாவின் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று.

செயற்கைக்கோள் வழியாகப் பேசும் எண்ணம் பழையது. பூமியில் இருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும் என்பதையும், அத்தகைய மூன்று கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்பதையும் 1945-ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க் எழுதிக் காட்டினார். பின்னாளில் 1956 முதல் இலங்கையையே தம் நாடாகக் கொண்டு வாழ்ந்து 2008-இல் அங்கேயே மறைந்தவர் அவர். அவர் சொன்ன வழியில்தான் பல்லாண்டுகளாகத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் நடந்து வந்தன. ஆனால் அந்த உயரத்திற்கு ஒரு சொல் ஏறி இறங்கவே ஏறக்குறைய கால் நொடி பிடிக்கும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகிவிடும். முன்பெல்லாம் வெளிநாட்டு அழைப்புகளில் இரு பக்கத்தாரும் ஒரே சமயத்தில் "ஹலோ" என்று தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்தி, மறுபடியும் ஒரே சமயத்தில் தொடங்கித் திண்டாடியது நினைவிருக்கிறதா? அதற்கு அந்தத் தொலைவும் ஒரு காரணம்.

தாமதத்தைக் குறைக்க வேண்டுமானால் கோளைத் தாழ்வான பாதைக்குக் கொண்டுவர வேண்டும். இன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை 550 கிலோமீட்டர் உயரத்தையோ அதற்குச் சற்றுக் கீழான உயரத்தையோ ஒட்டியே சுற்றுகின்றன. அந்த உயரத்திற்கு ஒளி ஏற நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். ஆயினும் தாழ்வான பாதையில் இருக்கும் கோள் ஓரிடத்தில் நிற்க முடியாது. நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் அது விழாமல் இருக்கும். சுமார் 96 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும் அது, கப்பலில் நிற்பவரின் தலைக்கு மேல் தோன்றி மறைய நான்கரை நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒன்று போனதும் அடுத்தது வரவேண்டும். மூன்று கோள்கள் செய்த வேலைக்கு இப்போது ஆயிரக்கணக்கில் தேவைப்படுவது இதனால்தான். 2019 மே மாதத்தில் 60 கோள்களை ஒன்றாக ஏவித் தொடங்கிய அந்நிறுவனம், 2025 அக்டோபரில் பத்தாயிரத்தைக் கடந்தது. இவற்றின் ஆயுள் ஐந்தாண்டு அளவே என்பதால், பழையன எரிந்து விழுந்தபடியும் புதியன ஏறியபடியும் இருக்கின்றன.

(பிறை பார்க்க மாடி ஏறும் பிள்ளைகள் சில நாள்களில் மகரிபுக்குப் பின் மணி கோத்தாற்போல் விளக்குகள் வரிசையாக நகர்வதைக் கண்டு கூச்சலிடுகிறார்களே, அவை ஏவப்பட்டுச் சில நாள்களே ஆன இத்தகைய கோள்கள்தாம். வானியல் ஆய்வாளர்களுக்கு இவற்றால் நேரும் தொல்லையைப் பற்றித் தனியாகவே ஒரு மாதம் எழுத வேண்டும்.)

தாழ்வாக வந்ததில் மற்றோர் இடைஞ்சல் உண்டு. மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கு ஊர் முழுவதும் தெரியும். திண்ணையில் நிற்பவனுக்குத் தெருதான் தெரியும். 550 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கோளுக்குத் தன் கீழே சுமார் 940 கிலோமீட்டர் சுற்றளவு வரையில் உள்ளவர்களோடுதான் நல்லவிதமாகப் பேச இயலும். அக்கோள் வெறும் கண்ணாடி போல, கீழிருந்து வந்ததைக் கீழேயே திருப்பி அனுப்புவதாக இருந்தால், பேசுபவரும் அவர் பேச்சை வாங்கி உலகத் தொலைபேசி வலையில் சேர்க்கும் தரைநிலையமும் ஒரே கோளின் பார்வைக்குள் இருந்தாக வேண்டும். தரையில் இது நடக்கும். நடுக்கடலில் தரைநிலையத்தை எங்கே கட்டுவது?

இந்தக் குறையின் கனத்தை டோங்கா நாட்டு மக்கள் அறிவார்கள். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் அந்நாட்டை ஒட்டிய எரிமலை வெடித்தது. டோங்காவைப் பிஜித் தீவுகளோடு இணைத்த 827 கிலோமீட்டர் நீளமான கடலடிக் கம்பி அறுந்தது. அந்நாட்டிற்கு இருந்ததே அந்த ஒரு கம்பிதான். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிழைக்கப் போன டோங்கா மக்கள், சுனாமி அடித்த ஊரில் தம் பெற்றோர் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்தனர். பழைய உயரப் பாதைக் கோள்களின் வழியே சிறிதளவு தொடர்பு மீண்டது. முக்கியக் கம்பியைச் சீராக்கவோ ஐந்து வாரத்திற்கு மேல் ஆயிற்று. ஸ்டார்லிங்க் அப்போது உதவிக்கு வந்ததுண்டு; ஐம்பது ஆண்டெனாக்களை அந்நாட்டிற்கு அளித்தது. ஆனால் அவை வேலை செய்வதற்கு முதலில் பிஜியில் ஒரு தரைநிலையம் அமைக்க வேண்டியிருந்தது. கோள்கள் டோங்காவின் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தும், அருகில் தரைநிலையம் இல்லாத வரை அவற்றால் பயனில்லை. ஏனெனில் அன்று வானில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசத் தெரியாதவை.

கோள்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பது புதிய யோசனை அன்று. 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கிய இரிடியம் நிறுவனத்தின் 66 கோள்களும் வானொலி அலைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இருபுறமும் அடுத்த பாதைகளில் ஒவ்வொன்று என நான்கு கைகள். துருவத்தில் இருந்த ஆய்வாளரும் அதில் பேச முடிந்தது. ஆனால் கருவியும் கட்டணமும் சாதாரண மனிதருக்கு எட்டாதவை. 1999 ஆகஸ்டிலேயே அந்நிறுவனம் திவாலானது. பிறகு கைமாறிப் பிழைத்து இன்றும் நடக்கிறது என்பது வேறு கதை. வானொலி அலை குரலுக்குப் போதும். பல்லாயிரம் வீடுகளின் படமும் பேச்சும் ஒரே சமயத்தில் போக வேண்டுமானால் ஒளிதான் வேண்டும்.

ஒளியில் பேச்சை ஏற்றி அனுப்ப முன்னரே முயன்றவர்களுள் ஒருவர், தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவர்களே. 1880-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் சூரிய ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி 213 மீட்டர் தொலைவு அனுப்பிக் காட்டினார். மேகம் மறைத்தால் பேச்சும் மறைந்துவிடும் என்பதால் அது நடைமுறைக்கு வரவில்லை. மேகமே இல்லாத இடம் ஒன்று உண்டல்லவா? 2001 நவம்பரில் ஐரோப்பியரின் ஆர்ட்டிமிஸ் கோளும் பிரெஞ்சுக்காரரின் ஸ்பாட்-4 கோளும் விண்வெளியில் லேசர் ஒளியால் படம் ஒன்றை அனுப்பி வாங்கின. 2008-இல் ஒரு ஜெர்மானியக் கோளும் ஓர் அமெரிக்கக் கோளும் தாழ்வான பாதையில் ஓடியபடியே நொடிக்கு 560 கோடி துணுக்குகள் வீதம் பேசிக்கொண்டன. ஸ்டார்லிங்க் 2021 ஜனவரியில் பத்துக் கோள்களில் இதைச் சோதித்து, அவ்வாண்டு செப்டம்பர் முதல் புதிதாக ஏவிய கோள்களிலும் லேசரைப் பொருத்தத் தொடங்கியது. 2022 ஜூலையில் கப்பல்களுக்கான சேவையை அறிவித்தது.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. செய்வது எத்தகைய வேலை என்று பாருங்கள். ஒரே பாதையில் 22 கோள்கள் சம இடைவெளியில் ஓடினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 1,970 கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தொலைவில் ஒரு கோளின் லேசர் விரிந்து விழும் வட்டம் சில பத்து மீட்டர் அகலமே. கன்னியாகுமரியில் விளக்கைப் பிடித்து, அதன் ஒளி தில்லி ஜும்ஆ மசூதியின் முற்றத்திற்குள் மட்டும் விழும்படி நிறுத்துவதை எண்ணிக்கொள்ளுங்கள். பிடிக்கிறவர், வாங்குகிறவர் இருவருமே துப்பாக்கிக் குண்டை விடப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறார்கள். சிறிது நடுங்கினாலும் ஒளி முற்றத்தை விட்டு விலகிவிடும். 2024 தொடக்கத்தில் அந்நிறுவனத்தார் வெளியிட்ட கணக்கின்படி, வானில் அப்போது ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட லேசர்கள் இருந்தன, நாள் ஒன்றுக்கு இரண்டரை இலட்சம் முறைக்கு மேல் அவை புதிதாகக் கைகோத்தன, நாள்தோறும் 4.2 கோடி கிகாபைட் அளவு செய்தி அவற்றின் வழியே சென்றது. அவர்கள் எட்டிப் பிடித்த மிக நீண்ட தொலைவு 5,400 கிலோமீட்டர். 550 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு மேல் எட்டவும் முடியாது. பூமியின் வளைவே குறுக்கே வந்து மறைத்துவிடும்.

எல்லாக் கைகளும் ஒரே விதமாக இருப்பதில்லை. ஒரே பாதையில் முன்னும் பின்னும் ஓடுபவை என்றும் ஒரே இடைவெளியில் இருப்பதால் அந்தப் பிடி எளிதில் விடாது. அடுத்த பாதையில் பக்கவாட்டில் ஓடுபவை, நிலநடுக்கோட்டின் மேல் விலகியும் வடக்கிலும் தெற்கிலும் நெருங்கியும் அசைந்தாடும். பிடித்த கையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வியப்பானது மூன்றாவது வகை. ராத்தாவின் மகனுடைய கப்பலுக்கு மேலே ஒரு கூட்டம் வடகிழக்கு நோக்கியும் மற்றொரு கூட்டம் தென்கிழக்கு நோக்கியும் ஒரே சமயத்தில் கடந்துகொண்டிருக்கும். தறியில் பாவும் ஊடும் போல இவை குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. ஆனால் தறியில் நூல்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. இங்கே மிக வேகமாகக் கடந்து போவதால் இரு கூட்டத்திற்கும் இடையே நீடித்த பிடி கிடையாது. அருகருகே தெரியும் இரு கோள்கள், வலையின் கணக்கில் உலகின் இரு மூலைகளில் இருக்கக்கூடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணினியியல் பேராசிரியர் மார்க் ஹேண்ட்லி 2018-இல் இதை ஆராய்ந்து எழுதியபோது, நான்கு கைகளை அக்கம்பக்கத்தார்க்கு விட்டுவிட்டு, ஐந்தாவது ஒன்றைக் குறுக்கே போகிறவற்றை அடுத்தடுத்துப் பிடிப்பதற்கென்றே ஒதுக்கலாம் என்று காட்டினார். கண்ணாடி இழைக்குள் ஒளி மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் செல்கிறது, வெற்றிடத்திலோ முழு வேகத்தில் செல்கிறது. ஆதலால் சுமார் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுகளுக்கு இந்த வானவழி, கடலடிக் கம்பியை விட விரைவாக இருக்கக்கூடும் என்பதும் அவர் கணக்கு.

சரி, இத்தனை நுட்பமான கைகளில் சில விட்டுப்போனால் என்ன ஆகும்? ராத்தாவின் அச்சமும் இதுதானே. இதற்குக் கணித அறிஞர்கள் சொல்லும் விடை நமக்கு மிகவும் ஆறுதலாகப்பட்டது. ஒவ்வொரு முடிச்சில் இருந்தும் நான்கு நூல்கள் புறப்படும் மிகப் பெரிய சதுர வலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல்களை அறுத்துக்கொண்டே போனால், எந்தக் கட்டத்தில் வலை துண்டு துண்டாகச் சிதறும்? பாதிக்கும் மேற்பட்ட நூல்கள் மிஞ்சியிருக்கும் வரை, வலையின் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு வழி இருந்தே தீரும். பாதிக்குக் கீழே போனால் சிதறிவிடும். ஹாரி கெஸ்டன் என்ற கணித அறிஞர் 1980-இல் இதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். முடிச்சுக்கு மூன்றே நூல் என்று, தேன்கூட்டின் கண்ணறைகளைப் போல வலையைக் கட்டினால், நூறில் அறுபத்தைந்து நூல்களுக்கு மேல் இருந்தாக வேண்டும். மூன்றுடன் ஒரு கை கூடுதலாக இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு இழப்பைத் தாங்கிய வலை பாதி இழப்பைத் தாங்குகிறது. தன் கோள் ஒவ்வொன்றிலும் மூன்று லேசர்கள் இருப்பதாக ஸ்டார்லிங்க் தெரிவித்துள்ளது. நான்காவதைப் பொருத்த எடையும் விலையும் மின்சாரமும் வேண்டும் அல்லவா? இந்த இடத்தில்தான் கணிதமும் கணக்குப்பிள்ளையும் எதிரெதிரே உட்காருகிறார்கள். உண்மையான வானில் நூல்கள் இப்படித் தாறுமாறாக அறுவதில்லை, வலையும் எல்லையற்றது அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லேசரே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. ஒன்வெப் நிறுவனத்தின் முதல் தலைமுறைக் கோள்கள் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் லேசர் இன்றியே ஓடுகின்றன. அவற்றில் 72 கோள்கள் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தே ஏவப்பட்டவை. செய்தி எந்த நாட்டின் தரையில் இறங்குகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடிவது அம்முறையின் நன்மை. அரசுகளுக்கு அது பிடிக்கும். கப்பலில் இருக்கும் பிள்ளையின் தாய்க்கு எது பிடிக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

இப்போது ராத்தாவின் கேள்விக்கு வருவோம். கப்பல் நின்ற இடத்தில் இருந்து எந்தப் பெரிய கரையும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். மகனின் குரல் கப்பல் மேல்தளத்து ஆண்டெனாவில் இருந்து வானொலி அலையாக ஏறுகிறது. மேலே ஒளியாக மாறி இரண்டு மூன்று கோள்களைத் தாண்டுகிறது. ஏதோ ஒரு கரையில் இருக்கும் தரைநிலையத்தில் மறுபடியும் வானொலி அலையாக இறங்குகிறது. இதுவரை ஆன காலம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. பிறகு கடலடிக் கம்பி, நம் ஊர்க் கோபுரம், ராத்தாவின் கை.

இவ்வழியில் மழைக்கு முக்கியமாக அஞ்ச வேண்டிய இடம் முதல் சில கிலோமீட்டர். பெருமழை வானொலி அலையை விழுங்கும். கப்பலின் புகைபோக்கியோ பாரந்தூக்கியோ ஆண்டெனாவுக்கும் கோளுக்கும் நடுவே வந்தாலும் பேச்சு சற்றே தடைப்படும். பதினைந்து நொடிக்கு ஒருமுறை எந்தக் கோளைப் பார்ப்பது என்று புதிதாக முடிவு செய்யப்படுவதால் அது பெரும்பாலும் நீடிக்காது. மேலே லேசர் ஓடும் உயரத்தில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. மற்றொரு பலவீனம் தரையில் இருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் சேவை உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணிநேரம் நின்றுபோனது. வானில் ஆயிரக்கணக்கான கோள்களுக்கு ஒன்றும் நேரவில்லை. வலையை நடத்தும் மென்பொருளில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பாதி நூல் அறுந்தாலும் தாங்கும் வலை, அதைக் கையில் பிடித்திருப்பவர் தூங்கிவிட்டால் ஒரு நொடியும் தாங்காது.

இதையெல்லாம் திண்ணையில் சொல்லி, "மழை ஓய்ந்ததும் பேசுவார், கவலை வேண்டாம்" என்று அனுப்பிவைத்தோம். அனுப்பிவிட்டு நாமும் உறங்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். மழை மூன்று மணிநேரமாகவா பெய்யும் என்று ராத்தா கேட்ட கேள்விக்கு நம்மிடம் நேரான பதில் இல்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு ராத்தாவே வந்தார். முகத்தில் சிரிப்பு. சக ஊழியர் ஒருவரின் கைப்பேசியில் இருந்து மகன் பேசியிருக்கிறார். மழை கால் மணிநேரத்தில் விட்டுவிட்டதாம். கப்பலில் ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் இணைய அளவை, கிரிக்கெட் ஆட்டம் பார்த்தே அவர் தீர்த்துவிட்டிருக்கிறார்; கடைசித் துளி அன்று மாலை உம்மாவோடு பேசும்போது தீர்ந்திருக்கிறது.

"வானத்தில் நாலு கை, அஞ்சு கை என்றெல்லாம் சொன்னீர்களே தம்பி" என்றார் ராத்தா, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு. "அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?"

ஒன்பது நாள் என்றோம். விரல் விட்டு எண்ணியபடியே போனார்.